கேட்டவர் சொல்லக் கேட்டோம்

ஒரு நாள் அஸர் தொழுகைக்குப் பின் மதரஸாவின் திண்ணையில் மாணவர் இருவர் நெருங்கி அமர்ந்திருக்கக் கண்டோம். ஒரே இயர்போனின் ஒரு முனை ஒருவர் காதில். மறு முனை மற்றவர் காதில். நம்மைக் கண்டதும் பதறி எழுந்தனர். "என்னப்பா கேட்கிறீர்கள்?" என்று வினவினோம். "நபிப் புகழ்ப் பாட்டுத்தான், ஹஜ்ரத்" என்றனர். கொஞ்சம் கேட்டுப் பார்த்தோம். நல்ல அரபிக் கஸீதா, நல்ல குரல். "யார் பாடியது?" என்றோம். விழித்தனர். "யார் இயற்றியது? யார் சொல்லி இதைக் கேட்கிறீர்கள்?" என்றோம். "யாரும் சொல்லவில்லை ஹஜ்ரத், போனில் அதுவாக வந்தது" என்றான் இளையவன்.

அவர்களைக் கடிந்து கொள்ள நமக்கு மனம் வரவில்லை. ஆயினும் "அதுவாக வந்தது" என்ற சொல் அன்றிரவு முழுவதும் நம் சிந்தையை விட்டு அகலவில்லை. நாம் ஓதிய கல்வியில் எதுவும் அதுவாக வருவதில்லை. ஒரு சொல் நம் செவிக்கு எட்டினால், அதனை நமக்குச் சொன்னவர் யார், அவருக்குச் சொன்னவர் யார் என்று படிப்படியாக ஏறிச் செல்வதே நம் ஆசிரியர்கள் நமக்குக் கற்பித்த முறை. ஹதீஸ் கலைக்கு உரிய அந்த உயர்ந்த ஒழுங்கைப் பாட்டுக்கு ஒப்பிடுவது நம் நோக்கமன்று. ஆனால், அந்த ஒழுங்கின் நிழலில் வளர்ந்த சமுதாயம் தான் கேட்ட பாடலைக் குறித்தும் அவ்வாறே விசாரித்தது என்பதை வரலாறு காட்டுகிறது. "இப்போது என்ன கேட்கிறீர்கள்?" என்று நண்பர்கள் ஒருவரையொருவர் வினவிக் கொள்வது இன்றைய இளைஞரின் புது வழக்கம் என்று நினைப்போர் உண்டு. அந்த வினாவுக்கு வயது ஆயிரத்து இருநூறு ஆண்டுக்கு மேல் என்பதை அன்பர்கள் அறிதல் வேண்டும்.

கலீஃபா கேட்ட நூறு பாடல்கள்

கி.பி. 786 முதல் 809 வரை ஆட்சி செய்த அப்பாஸிய கலீஃபா ஹாரூன் அர்ரஷீத், தம் அவையின் இசை வல்லுநர் மூவரை அழைத்தார் என்று கிதாபுல் அகானீ கூறுகிறது. இப்ராஹீம் அல் மவ்ஸிலீ, இஸ்மாயீல் இப்னு ஜாமிஃ, ஃபுலைஹ் ஆகியோரே அம்மூவர். அதுவரை அரபு மொழியில் பாடப்பட்ட பாடல்கள் அனைத்திலும் சிறந்த நூற்றைத் தெரிந்து தருமாறு அவர்களை அவர் பணித்தார். நூறு கிடைத்தபின், அவற்றுள் சிறந்த பத்தைக் கேட்டார். பத்து கிடைத்தபின், அவற்றுள்ளும் தலைசிறந்த மூன்றைக் கேட்டார். பின்னர் வந்த கலீஃபா அல் வாஸிக் (ஆட்சி 842-847) தாமே பாடல்களுக்கு இசையமைத்தவர். அவர் இப்ராஹீமின் மைந்தர் இஸ்ஹாக் அல் மவ்ஸிலீயிடம் அப்பட்டியலைத் திருத்தித் தரச் சொன்னார்.

இந்தப் பட்டியலே ஒரு பெருநூலுக்கு வித்தாயிற்று. ஹிஜ்ரி 284-ல், அதாவது கி.பி. 897-ல் பிறந்து, பக்தாதில் வாழ்ந்த அபுல் ஃபரஜ் அல் இஸ்ஃபஹானீ அந்த நூறு பாடல்களை எடுத்துக் கொண்டார். அவற்றோடு தாம் தெரிந்த பிறவற்றையும் சேர்த்து, ஒவ்வொன்றின் வரலாற்றையும் எழுதத் தொடங்கினார். அதற்கு ஐம்பது ஆண்டுகள் பிடித்தன என்பர். அலெப்போவின் மன்னர் ஸைஃபுத் தவ்லா அந்நூலைப் பெற்று ஆயிரம் பொற்காசு அளித்தார் என்றும், அது போதாது என்று அறிஞர் ஒருவர் குறைபட்டார் என்றும் சொல்லப்படுவதுண்டு. கிதாபுல் அகானீ, அதாவது 'பாடல்களின் நூல்', கெய்ரோவின் பூலாக் அச்சகத்தில் 1868-ல் இருபது பாகங்களாக வெளிவந்தது. 1927-ல் தொடங்கிய எகிப்திய தாருல் குதுப் பதிப்பு இருபத்து நான்கு பாகங்களாக நிறைவுற்றது.

பாகத்தைத் திறந்தால் ஒவ்வொரு பாடலின் தலையிலும் 'ஸவ்த்' என்ற ஒரு சொல் நிற்கும். ஒலி, குரல் என்பது அதன் பொருள். அதன்கீழ்ப் பாட்டின் அடிகள்; அதனை இயற்றிய கவிஞர் இன்னார், இசையமைத்தவர் இன்னார், தாளம் இன்னது என்ற குறிப்பு. அதன்பின் நீண்ட சங்கிலியாகச் செய்தி சொன்னவர்களின் பெயர்கள்: இன்னார் எமக்கு அறிவித்தார், அவருக்கு இன்னார் அறிவித்தார், அவர் தம் தந்தையிடம் கேட்டார் என்று. பாட்டைக் கேட்ட ஒருவர் மற்றொருவருக்குச் சொல்ல, அவர் அடுத்தவருக்குச் சொல்ல, ஐந்தாறு தலைமுறை கடந்து அது ஏட்டில் ஏறியிருப்பதை அங்கே காணலாம்.

ஈண்டு ஓர் எச்சரிக்கையும் அவசியம். அபுல் ஃபரஜ் சொல்வன எல்லாவற்றையும் வரலாறாகக் கொள்ளலாகாது என்று இப்னுல் ஜவ்ஸீ (ரஹ்) போன்ற அறிஞர்கள் கண்டித்திருக்கின்றனர். அரசவைக் கதைகளும் மதுக்கூடச் செய்திகளும் அந்நூலில் மலிந்து கிடப்பது உண்மை. ஆயினும் எச்செய்தி யார்வழி வந்தது என்பதை அவர் பெரும்பாலும் மறைக்கவில்லை. ஆதலால் கொள்வதும் தள்ளுவதும் நம் கையில் இருக்கின்றன.

எந்த மூன்று?

ஹாரூன் அர்ரஷீதுக்குத் தெரிந்து கொடுக்கப்பட்ட அந்தத் தலைசிறந்த மூன்று பாடல்கள் எவை? இவ்விடத்தில் அபுல் ஃபரஜ் நேர்மையாக நின்று விடுகிறார். ஜஹ்ளா என்பார்வழி வந்த செய்தி ஒரு மூன்றைச் சொல்கிறது. யஹ்யா இப்னு அலீ என்பார்வழி வந்த செய்தி அதனின்று வேறுபடுகிறது. இரண்டையும் தந்து, பின்னதே சரியெனத் தமக்குத் தோன்றுவதாக அவர் எழுதுகிறார். இரசிகர் இருவர் கூடினால் சிறந்த பாடல் எது என்பதில் ஒருமிக்க மாட்டார்கள் என்பது பத்தாம் நூற்றாண்டிலும் மாறாத உண்மையாக இருந்திருக்கிறது!

அவர் ஏற்ற மூன்றும் ஹிஜாஸ் மண்ணின் பாடகர் மூவருடையவை. ஒருவர் மதீனாவின் மஅபத். மற்ற இருவர் இப்னு ஸுரைஜும் இப்னு முஹ்ரிஸும். இம்மூவருள் இப்னு முஹ்ரிஸின் கதை நெஞ்சைத் தொடுவது. அவருக்குத் தொழுநோய் கண்டிருந்தது. ஆதலால் அவர் மக்களோடு கலவாமல், அவைகளில் அமராமல் ஒதுங்கி வாழ்ந்தார். அவர் பாடல்கள் எவ்வாறு பரவின? நண்பர் ஒருவரின் வீட்டில் இருந்த அடிமைப்பெண் அவர் பாடக் கேட்டுக் கற்றுக் கொண்டாள். அவள் வாய்வழியே மக்கள் அவற்றை அறிந்தனர் என்று அந்நூல் கூறுகிறது. மன்னர் அவையின் உச்சியில் வைத்துப் போற்றப்பட்ட ஒரு பாடகரின் குரலை உலகம் பெற்றது, காது கொடுத்துக் கேட்ட ஒரு பெண்ணால்தான். அவள் "அதுவாக வந்தது" என்று இருந்திருந்தால் இப்னு முஹ்ரிஸ் என்ற பெயரே நமக்குக் கிடைத்திராது.

கடிதத்தில் சென்ற பாடல்

இஸ்ஹாக் அல் மவ்ஸிலீக்கும் கலீஃபா ஹாரூனின் தம்பி இப்ராஹீம் இப்னுல் மஹ்தீக்கும் நெடுநாள் இசைப்பூசல் இருந்து வந்தது. இப்ராஹீம் இளவரசர், இனிய குரலுடையவர், பழம்பாடல்களைத் தம் விருப்பம் போல் மாற்றிப் பாடுவார். இஸ்ஹாக் மரபு காப்பவர்; முன்னோர் பாடியவாறே பாட வேண்டும் என்று வாதிடுவார். நேரில் வாதிட்டது போதாமல் கடிதங்களிலும் வாதிட்டனர். இன்ன பாட்டு எந்தத் தாளத்தில் அமைந்தது, எவ்விரலில் நடப்பது என்று ஒருவருக்கொருவர் எழுதிக் கொண்டனர்.

அக்காலத்தில் நம் நாட்டு ஸ்வரக் குறிப்புப் போன்ற எழுத்து அவர்களிடம் வழக்கில் இல்லை. 'ஊத்' எனும் யாழின் தந்தியில் எந்த விரல் படுகிறது என்பதே குறிப்பு. சுட்டுவிரல் ஸப்பாபா, நடுவிரல் வுஸ்தா, மோதிர விரல் பின்ஸிர், சுண்டுவிரல் கின்ஸிர். நடுவிரல் வழி நடக்கும் பாடல், மோதிர விரல் வழி நடக்கும் பாடல் என இரு பெரும் பிரிவாகப் பிரித்து, அதனோடு ஸகீல், ரமல், ஹஜஜ் முதலிய தாளப் பெயரைச் சேர்த்து ஒழுங்கு செய்தவர் இஸ்ஹாக்கே. ஒரு முறை தாம் புதிதாக அமைத்த பாடல் ஒன்றின் அடிகள், தாளம், விரல்வழி, ஏற்ற இறக்கம் அனைத்தையும் விவரித்து இப்ராஹீமுக்கு அவர் எழுதி அனுப்பினார். அதனைச் செவியால் கேளாமலே, கடிதத்தைப் படித்தே இப்ராஹீம் பாடிவிட்டார் என்ற செய்தி அகானீயில் உண்டு. பகைவர் இருவரும் ஒருவரையொருவர் எத்துணை நுட்பமாகக் கேட்டிருந்தால் இது நடந்திருக்கும் என்று எண்ணிப் பாருங்கள்.

இன்றோ அந்நூறு பாடல்களில் ஒன்றையேனும் அன்று ஒலித்தவாறு பாடிக் காட்ட எவராலும் இயலாது. அடிகள் உள்ளன, தாளப் பெயர் உள்ளது, விரலின் பெயரும் உள்ளது. குரல் போய்விட்டது.

இந்த இழப்பு தமிழர்க்குப் புதிதன்று. சங்கத் தொகைநூல்களுள் ஒன்றாகிய பரிபாடலில் எழுபது பாடல்கள் இருந்தன என்பர். முழுமையாகக் கிடைத்தவை இருபத்திரண்டு. உ.வே. சாமிநாதையர் அவர்கள் 1918-ல் அதனைப் பதிப்பித்தார்கள். பாடல்களின் இறுதியில் பாடிய புலவர் பெயரும், இசை வகுத்தவர் பெயரும், பண்ணின் பெயரும் குறிக்கப்பட்டுள்ளன. பெட்டனாகனார், நன்னாகனார், மருத்துவன் நல்லச்சுதனார் என்ற இசைவாணர்களின் பெயர்கள் அக்குறிப்பால் அன்றோ நமக்குத் தெரிகின்றன? பாலையாழ், நோதிறம், காந்தாரம் என்ற பண்களும் அவ்வாறே. எவரோ கேட்டார், கேட்டதை எழுதி வைத்தார். அவர் பெயர் தெரியவில்லை. அவர் செய்த தொண்டு நிற்கிறது.

காலம், இடம், தோழர்

இசை ஆகுமா, ஆகாதா என்ற மார்க்க விவாதத்தில் நாம் இக்கட்டுரையில் இறங்கவில்லை. இமாம்களிடையே அதில் கருத்து வேறுபாடு உண்டு. அது அதற்குரிய கிரந்தங்களில் காணத்தக்கது. ஆயினும், ஹிஜ்ரி 505-ல் மறைந்த இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் தம் இஹ்யாவு உலூமித்தீன் நூலில், செவியேற்றலின் ஒழுங்குக்கென்றே தனிப் பகுதி ஒன்றை அமைத்திருப்பதை நினைவூட்ட விரும்புகிறோம். கேட்பதற்குக் காலம், இடம், தோழர் ஆகிய மூன்றும் பொருந்த வேண்டும் என்று ஜுனைதுல் பக்தாதீ (ரஹ்) அவர்கள் கூறியதை அங்கே அவர்கள் எடுத்து விளக்குகிறார்கள். பாட்டு எத்தகையது என்பதோடு, கேட்பவர் எத்தகையவர், யாரோடு அமர்ந்து கேட்கிறார் என்பதும் அவர்களுக்கு முக்கியமாக இருந்தது. கேட்டல் என்பது தனியொருவரின் இன்பம் மட்டுமன்று. அதில் தோழர் உண்டு. தோழருக்குப் பொறுப்பும் உண்டு. வள்ளுவரும் 'கேள்வி' என்பதற்கு ஓர் அதிகாரமே வகுத்தார் அல்லவா?

தட்டில் ஏறிய குரல்

குரல் அழியாமல் நிற்கும் காலமும் வந்தது. 1877-ல் எடிசன் ஒலியைப் பதிந்து மீண்டும் ஒலிக்கச் செய்தார். பத்தாண்டு கழித்து எமில் பெர்லினர் வட்டத் தட்டைக் கொண்டு வந்தார். 1902-ல் கிராமபோன் கம்பெனியின் பதிவாளர் ஃபிரெட் கெய்ஸ்பர்க் கல்கத்தா வந்து கவ்ஹர் ஜானின் பாடல்களைப் பதிந்தார். மூன்று நிமிடப் பாட்டின் இறுதியில் அந்த அம்மையார் ஆங்கிலத்தில் தம் பெயரை உரத்துச் சொல்வார். ஏன்? அந்தத் தட்டுகள் அச்சானது ஜெர்மனியின் ஹானோவர் நகரில். அங்குள்ள தொழிலாளருக்கு நம் மொழியும் தெரியாது, ஆளும் தெரியாது. பாடியவர் இன்னார் என்பதைப் பாடியவரே சொன்னாலன்றித் தட்டில் சரியான பெயர் ஒட்டப்படுவது எவ்வாறு?

தட்டு செய்யப்பட்டது அரக்கினால். நம் நாட்டுக் காடுகளில் மரக்கிளையில் பூச்சி கட்டும் அதே அரக்குத்தான். ஒரு பக்கத்தில் மூன்று அல்லது நான்கு நிமிடமே அடங்கும். நீண்ட இசையைப் பல தட்டுகளில் பதிந்து, புகைப்பட ஆல்பம் போன்ற ஏட்டில் அடுக்கி விற்றார்கள். 'ஆல்பம்' என்ற சொல் இசைக்கு வந்தது இவ்வாறே. 1948-ல் நீண்ட நேரம் ஓடும் ஒற்றைத் தட்டு வந்தபோதும் அப்பெயர் ஒட்டிக் கொண்டது. நம் மொழியில் சொன்னால் அது ஒரு தொகை. அகநானூறும் புறநானூறும் தொகை என்பது போல.

குரல் நின்றுவிட்டது; கேட்டவர் சொல் என்னவாயிற்று? தட்டின் நடுவே உள்ள சிறு வட்டத் தாளில் பாடியவர் பெயரும் எண்ணும் இருக்கும். யார் கேட்டார், கேட்டு என்ன சொன்னார் என்பது இராது. பக்தாதின் நூறு பாடல்களில் கேட்டவர் சொல் நிலைத்துக் குரல் மறைந்தது. தட்டுகளின் காலத்தில் குரல் நிலைத்துக் கேட்டவர் சொல் மறையத் தொடங்கிற்று. அந்தக் குரலும் நிலையானது அன்று. இரண்டாம் உலகப் போரில் அரக்குக்குத் தட்டுப்பாடு வந்தபோது, அமெரிக்காவில் பழைய தட்டுகளைத் திரட்டி அரைத்துப் புதுத் தட்டுகள் செய்தார்கள். எத்தனை குரல்கள் அந்த அரவையில் மாவாயினவோ!

கெய்ரோவின் செவிச் சான்றோர்

எகிப்தியர் இவ்விடத்தில் ஓர் அருமை செய்தனர். நூற்றாண்டுத் தொடக்கத்தில் பதிந்த அரபுத் தட்டுகளைக் கேட்டால், பாடகர் ஓர் அடியை முடித்து மூச்சு வாங்கும்போது, அருகிருப்போர் அவரைப் பெயர் சொல்லிப் பாராட்டும் குரலும் கேட்கும். ஒரு நல்ல வளைவு விழுந்ததும் "அல்லாஹ்!" என்ற வியப்பொலி எழும். பாடகரை ஊக்குவதற்கென்றே அமரும் இத்தகையோரை அங்கே 'முத்தய்யிபாத்திய்யா' என்பர். தேர்ந்த செவி உடைய இரசிகருக்கு 'ஸம்மீஆ' என்று பெயர். அத்தகையோர் இல்லாத அறையில் பாட்டு உயிர் பெறாது என்பது அவர்கள் கொள்கை.

1932 மார்ச்சில் மன்னர் ஃபுஆத் கெய்ரோவில் அரபு இசை மாநாட்டைக் கூட்டினார். ஹங்கேரியின் பேலா பார்டோக், ஜெர்மனியின் பவுல் ஹிண்டெமித், அரபு இசை வரலாறு எழுதிய ஹென்றி ஜார்ஜ் ஃபார்மர் முதலியோர் வந்திருந்தனர். எகிப்து, ஈராக், சிரியா, துனீசியா, அல்ஜீரியா, மொராக்கோ நாட்டுக் குழுக்கள் பாடின. ஈராக்கிலிருந்து வந்த பாடகர் முஹம்மத் அல் குப்பன்ஜீ முஸ்லிம். அவருக்கு வாசித்தவர்களில் பெரும்பாலோர் பக்தாத் யூதர்கள். நூற்றுக்கு மேற்பட்ட தட்டுகளில் அவ்விசை பதியப்பட்டது. அதனோடு நில்லாமல், அறிஞர்கள் கேட்டதையும் வாதிட்டதையும் தொகுத்து நூலாகவும் வெளியிட்டனர். குரலும் கேட்டவர் சொல்லும் ஒருங்கே காக்கப்பட்ட அரிய நிகழ்ச்சி இது. 2015-ல் அந்தப் பதிவுகள் பதினெட்டுக் குறுந்தட்டுகளாக மீண்டும் வெளிவந்தன. எண்பத்து மூன்று ஆண்டுக்குப் பின்னும் எது எவர் பாடியது என்று சொல்ல முடிந்தது, அன்று எழுதி வைத்தமையால்.

1934 மே மாதம் எகிப்திய அரசு வானொலி தொடங்கிற்று. 1930களின் பிற்பகுதியிலிருந்து 1970களின் தொடக்கம் வரை, இசைப் பருவத்தில் மாதத்தின் முதல் வியாழன் இரவு உம்மு குல்ஸூம் அம்மையாரின் கச்சேரி ஒலிபரப்பாகும். மொராக்கோ முதல் ஈராக் வரை காப்பிக் கடைகளில் மக்கள் வானொலியைச் சூழ்ந்து அமர்வார்கள். ஒரே பாடல் ஒரு மணி நேரத்தையும் தாண்டும். அரங்கத்தார் வேண்டினால் ஓர் அடியையே திரும்பத் திரும்ப, ஒவ்வொரு முறையும் வேறு வண்ணத்தில் பாடுவார். ஆதலால் மறுநாட் பேச்சு, எந்தப் பாடல் என்பதோடு முடியாது. எந்த இரவில் பாடியது, எந்த அடியை எத்தனை முறை பாடினார் என்பது வரை செல்லும். அவர் 1975 பிப்ரவரி 3 அன்று காலமானார். அந்த இரவுகளின் பதிவுகளில் அவர் குரலோடு அரங்கத்தின் ஆரவாரமும் சேர்ந்தே இன்றும் கேட்கிறது.

தபால் அட்டைகளின் காலம்

நம் பகுதியில் இந்தத் தோழமை தபால் அட்டையில் வளர்ந்தது. 1952-ல் அகில இந்திய வானொலியில் திரைப்பாடல்கள் அருகிப் போயின. அவ்வாண்டே ரேடியோ சிலோன் இந்தி ஒலிபரப்பில் அமீன் சயானி 'பினாக்கா கீத்மாலா' நிகழ்ச்சியைத் தொடங்கினார். எந்தப் பாடல் முன்னிற்கிறது என்பதைத் தட்டு விற்பனையைக் கொண்டும், ஊர்தோறும் இருந்த நேயர் மன்றங்களின் கடிதங்களைக் கொண்டும் கணக்கிட்டார்கள். இன்று ஜார்க்கண்டில் உள்ள ஜூம்ரி தலையா என்ற சிற்றூர் அபிரகச் சுரங்கத்துக்குப் பெயர் பெற்றது. ஆனால், அதனை நாடெங்கும் அறியச் செய்தவை அவ்வூரார் பாடல் கேட்டு எழுதிய அட்டைகளே. 1957-ல் விவித பாரதி தொடங்கியபின் அங்கும் அவ்வூர்ப் பெயர் ஓயாமல் ஒலித்தது.

இலங்கை வானொலியின் தமிழ் ஒலிபரப்பு நம் கடற்கரை ஊர்களில் தெளிவாகக் கேட்கும். பாடலை விரும்பியோரின் பெயர்களையும் ஊர்களையும் அறிவிப்பாளர் வரிசையாகப் படிப்பார். அப்போது சிறுவராயிருந்த நமக்குப் பாட்டைவிட அந்தப் பெயர்ப் பட்டியலே பெரிய அதிசயம். காணாத ஊரில், அறியாத வீட்டில் ஒருவர் இந்தப் பாட்டை இந்நேரம் நம்மோடு கேட்டுக் கொண்டிருக்கிறார்! முஸ்லிம் நிகழ்ச்சியில் நாகூர் இ.எம். ஹனீஃபா (1925-2015) அவர்களின் குரல் எழுந்தால், தெருவின் இரு வரிசையிலும் வானொலிப் பெட்டிகள் ஒரே குரலில் பேசும். உம்மா அடுப்படியிலிருந்து அடுத்த வீட்டு மாமியிடம் சுவர்வழியே, "கேட்டீங்களா மாமி?" என்பார்கள். "கேட்டுக்கிட்டுத்தான் இருக்கேன் புள்ள" என்று மறுமொழி வரும். கிதாபுல் அகானீயின் அறிவிப்பாளர் தொடர், நம் வீட்டுச் சுவர் வழியாகவும் சென்றது என்றே நமக்கு இப்போது தோன்றுகிறது.

நம் கையில் உள்ள மூன்று தட்டுகள்

இனி நம் குற்றத்தை நாமே சொல்ல வேண்டும். உம்மாவின் தாய்மாமா வீட்டில் ஒரு மரப்பெட்டி நிறைய அரக்குத் தட்டுகள் இருந்தன. அடுத்த தெருவில் ஒரு பெரியவர் இருந்தார். முள்ளை வைத்ததும், முதல் இழுப்பிலேயே, பாடுபவர் இன்னார் என்று சொல்லி விடுவார். இது இன்னார் திருமணத்தில் போட்டது, இதைக் கேட்டு இன்ன பாட்டியார் அழுதார், இதைக் கொழும்பிலிருந்து இன்னார் கொண்டு வந்தார் என்றெல்லாம் சொல்வார். நாம் ஆலிம் பட்டம் பெற்று ஊர் திரும்பிய காலத்திலும் அவர் இருந்தார். ஆயிரம் ஆண்டுக்கு முந்திய அறிவிப்பாளர்களின் பெயர்களை மனனம் செய்திருந்த நாம், அவர் வாயிலிருந்து வந்த ஒரு செய்தியையும் ஒரு தாளில் குறித்து வைக்கவில்லை. நாளை பார்த்துக் கொள்ளலாம் என்றிருந்தோம். அவர் மவுத்தாகி இருபது ஆண்டுக்கு மேல் ஆகிறது.

பெட்டியில் எஞ்சியவை சில தட்டுகளே. அவற்றுள் மூன்றில் நடுத்தாள் செல்லரித்துப் போயிற்று. நண்பர் ஒருவரின் கருவியில் வைத்துக் கேட்டோம். ஒன்றில் ஆண்குரல், முனாஜாத்துப் போன்ற ஒரு வேண்டுதல்; குரலில் என்ன உருக்கம்! யாருடையது? நமக்குத் தெரியவில்லை. அதனைக் கேட்டு அழுத பாட்டியார் யார் என்பதும் தெரியவில்லை. இப்னு முஹ்ரிஸுக்கு அவர் நோயினும் பெரிய பேறாக ஓர் அடிமைப்பெண் வாய்த்தாள். நம் ஊர்ப் பாடகருக்கு நாம் வாய்த்தோம், நாம் தவறினோம்.

1963-ல் வந்த கேசட்டும் இப்போது மூலையில் முடங்கிவிட்டது. ஒவ்வொரு வீட்டுப் பரணிலும் ஒலிநாடாக்கள் பூஞ்சை பிடித்துக் கிடக்கின்றன. மீலாது விழாவில் உள்ளூர்ப் பாடகர் பாடியது இருக்கும்; பெண்கள் மட்டும் கூடிய அவையில் ஒரு மூதாட்டி பைத்து ஓதியது இருக்கும். அவற்றின் மேல் பெயர் இராது. இருந்தால் 'பாட்டு - 2' என்று இருக்கும். அது யார் குரல் என்று சொல்லக் கூடியவர்கள் இன்னும் சில வீடுகளில் உயிரோடு இருக்கிறார்கள். கைப்பேசியில் எல்லாப் பாடலும் கிடைக்கும் என்று நாம் அமைதி கொள்ளலாகாது. எவரும் ஏற்றாத குரல் அதில் எவ்வாறு கிடைக்கும்?

ஆகவே அன்பர்களிடம் நாம் வேண்டுவது சிறிய செயல். ஒரு பாட்டு உங்கள் நெஞ்சைத் தொட்டால், தோழரிடம் சொல்லுங்கள். சொல்லும்போது பாடியவர் பெயரையும், இயற்றியவர் பெயரையும், உங்களுக்கு அதனைச் சொன்னவர் பெயரையும் சேர்த்துச் சொல்லுங்கள். வீட்டுப் பெரியவர்களை அருகமர்த்திப் பழைய நாடாவை ஒலிக்கச் செய்து, அவர்கள் சொல்வதை எழுதிக் கொள்ளுங்கள். அபுல் ஃபரஜுக்கு ஐம்பது ஆண்டு பிடித்தது. உங்களுக்கு ஒரு மாலைப்பொழுது போதும்.

திண்ணையில் கண்ட மாணவர் இருவருக்கும் ஒரு நோட்டுப் புத்தகம் வாங்கிக் கொடுத்து, பாடல், பாடியவர், இயற்றியவர், சொன்னவர் என நான்கு கட்டம் போடச் செய்தோம். அடுத்த வாரம் பார்த்தோம். முதல் வரியில் அந்த அரபிக் கஸீதா இருந்தது. பாடியவர் பெயரைத் தேடிப் பிடித்து எழுதியிருந்தார்கள். 'சொன்னவர்' என்ற கட்டத்தில் 'யாருமில்லை' என்று உண்மையே எழுதியிருந்தான் இளையவன். இரண்டாம் வரியில் ஒரு தமிழ்த் தாலாட்டு. பாடியவர்: உம்மம்மா. இயற்றியவர்: உம்மம்மாவின் உம்மா என்று சொல்கிறார்கள். சொன்னவர்: உம்மம்மா, நேற்று மஃரிபுக்குப் பின்.

அல்ஹம்து லில்லாஹ். தொடர் மீண்டும் தொடங்கி விட்டது.